அண்ணாச்சியின் முகவரிப் புத்தகம்: அலுவலக மின்னஞ்சலில் தொடர்புகளைப் பகிர்வது எப்படி?

பாளையங்கோட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையிலுள்ள சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பிரிண்டர் நின்றுபோவது, இணையம் அறுந்துபோவது ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எனக்கு அதிகம் வரும் கேள்வி முகவரிப் புத்தகத்தைப் பற்றியது. கேள்வி எளியது, அதற்கான பதில் மட்டும் ஒரு வரியில் அடங்குவதில்லை. அதனால்தான் இதைக் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டையில் மோட்டார் பம்புகளுக்கான உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் அலுவலகம் ஒன்று உண்டு. அங்கே கொள்முதல் பார்க்கும் அண்ணாச்சி, மகள் திருமணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போகும் முன், தம் மின்னஞ்சல் கணக்கில் இருந்த தொடர்புகள் அனைத்தையும் தமக்குப் பதிலாக வேலை பார்க்க வந்த பெண்ணுக்குப் பகிர்ந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் வேறொரு வேலையாக அங்கே இருந்தபோது அந்தப் பெண் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி, நீங்க குடுத்த லிஸ்டு தெரியுது. பேரு, நம்பரு எல்லாம் இருக்கு. ஆனா மெயில் போடயில லாரி செட்டு பேர அடிச்சா வரமாட்டுக்கே." மறுமுனையில் கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவே, "நல்லா பாரு தாயி, அங்கதான் கெடக்கும்" என்றார் அவர்.

இருவர் சொன்னதும் உண்மை. பட்டியல் அங்கேதான் இருந்தது. பெயரை அடித்தால் வரவும் இல்லை. தொடர்புகளைப் பகிர்வதும் அவற்றை முகவரிப் புத்தகமாக ஆக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அண்ணாச்சி முதல் வேலையை முடித்திருந்தார். இரண்டாவது வேலை அந்தப் பெண்ணின் கணினியில் செய்யப்பட வேண்டியது.

இங்கே நான் சொல்பவை விண்டோஸ் கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் பழைய வகையைப் பற்றியவை. மைக்ரோசாஃப்ட் இப்போது அதைக் 'கிளாசிக்' என்று அடைமொழியிட்டு அழைக்கிறது. புதிய அவுட்லுக்கில் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், சில வசதிகள் இருக்கவும் இருக்காது. ஆனாலும் அடிப்படையைப் புரிந்துகொள்ள இது போதும்.

பெயர் எங்கிருந்து வருகிறது?

புதிய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, பெறுநர் கட்டத்தில் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்ததும் கீழே சில பெயர்கள் இறங்குகின்றன. பார்க்கிறவர்கள், தங்களிடமுள்ள முகவரிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதாகவும் அங்கிருந்துதான் இந்தப் பெயர்கள் வருவதாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். அந்தக் கட்டத்துக்குப் பெயர்களைக் கொண்டுவந்து தரும் இடங்கள் குறைந்தது மூன்று.

முதலாவது, நிறுவனத்தின் பொது முகவரிப் பட்டியல். அலுவலக மின்னஞ்சல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரிலோ (நிறுவனத்தின் அஞ்சல்களை வைத்திருக்கும் மையக் கணினி) மைக்ரோசாஃப்ட் 365 சேவையிலோ இயங்கினால், அந்த நிறுவனத்தில் கணக்கு உள்ள அனைவரின் பெயரும் இதில் தாமாகவே சேர்ந்துவிடும். இதை 'குளோபல் அட்ரஸ் லிஸ்ட்' என்பார்கள். இதில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் நிர்வாகியின் பொறுப்பு. ஊழியர்கள் இதைப் படிக்க மட்டுமே முடியும்.

இரண்டாவது, ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் தொடர்புகள் கோப்புறை. லாரி செட், வங்கிக் கிளை, கோயம்புத்தூரிலுள்ள பம்பு உற்பத்தியாளர், தணிக்கையாளர் என்று நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களின் முகவரிகள் இங்கேதான் இருக்கும்.

மூன்றாவதை முகவரிப் புத்தகம் என்று சொல்லவே கூடாது, ஆனால் பெரும்பாலோர் அதைத்தான் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாம் முன்பு யாருக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினோமோ அவர்களின் முகவரிகளை அவுட்லுக் தானாக நினைவில் வைத்துக்கொண்டு, எழுத்தை அடித்ததும் எடுத்து நீட்டுகிறது. 'ஆட்டோ கம்ப்ளீட்' எனப்படும் இந்த நினைவுப் பட்டியலில் 1000 பதிவுகள் வரை தங்கும். அதற்கு மேல் போனால் பயன்படுத்தாதவை உதிர்ந்துவிடும். இது ஒருவரின் பழக்கத்தால் உருவாகும் பட்டியல் என்பதால், தொடர்புகளைப் பகிரும்போது இது கூடவே போவதில்லை. "எனக்கு அடிச்ச உடனே வருது, அவளுக்கு ஏன் வரல?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு இதுவே காரணம். அவருக்கு வந்து விழுந்த பெயர்களில் பாதி, பல ஆண்டுகளாக அவர் அனுப்பிய மின்னஞ்சல்களின் எச்சம். அவை தொடர்புகள் கோப்புறையில் இருந்ததே இல்லை.

ஆகவே, யாருடைய தொடர்புகளையாவது பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், முதலில் அவரைத் தம் கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமான முகவரிகள் அங்கே உண்மையாகவே பதிவாகியிருக்கின்றனவா, அல்லது நினைவுப் பட்டியலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதைச் சரிபார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காததால்தான் பின்னால் பாதி நாள் போகிறது.

பகிர்வது என்றால் என்ன?

நம் பக்கத்தில் பங்குக் கிணறு என்று ஒன்று உண்டு. கிணறு ஒருவரின் வயலில் இருக்கும்; இன்ன நாளில் இன்னாருக்கு இவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பங்குதாரர்கள் இறைத்துக்கொள்வார்கள். கிணற்றை யாரும் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. தொடர்புகளைப் பகிர்வதும் அப்படித்தான். அண்ணாச்சியின் கோப்புறை அவருடைய அஞ்சல் பெட்டியிலேயே, சர்வரில், இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்கும் உரிமை மட்டுமே மற்றவருக்குக் கிடைக்கிறது. அண்ணாச்சி ஓர் எண்ணைத் திருத்தினால் பார்க்கிறவர் கண்ணிலும் திருத்திய எண்ணே தெரியும்.

இதற்கு மாறாகப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக் கொடுப்பது, கிணற்றிலிருந்து ஒரு குடம் மொண்டு கொடுப்பது போன்றது. கொடுத்த நேரத்தில் இருந்த தண்ணீர்தான் குடத்தில் கிடக்கும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது இந்த வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்த்தேன். சங்கரன்கோவில், கடையநல்லூர் வாடிக்கையாளர்களின் முகவரிகளில் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில் ஐந்து பேரிடம் ஐந்து நகல்கள் இருந்தன. இரண்டு பேர் மாற்றினார்கள்; மற்ற மூவரின் நகல்களில் அந்த ஊர்கள் வெகுகாலம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்துகொண்டிருந்தன.

உரிமை வழங்கும் முறை கடினமானதன்று. கோப்புறையின் உரிமையாளர், தொடர்புகள் பகுதியில் அந்தக் கோப்புறையின் மேல் வலப் பொத்தானை அழுத்தி, 'புராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்து, 'பெர்மிஷன்ஸ்' என்ற தாளில் சக ஊழியரின் பெயரைச் சேர்த்து, எந்த அளவுக்கு உரிமை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே பல படிகள் பட்டியலிடப்பட்டிருக்கும். நடைமுறையில் தேவைப்படுபவை இரண்டே. 'ரிவ்யூவர்' என்றால் பார்க்கலாம், மாற்ற முடியாது. 'எடிட்டர்' என்றால் புதிதாகச் சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். விடுப்புக்காலத்துக்கு 'ரிவ்யூவர்' போதும். இருவர் சேர்ந்தே ஒரு பட்டியலைப் பராமரிக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் 'எடிட்டர்' கொடுக்கலாம். அப்போதும், ஒருவர் அழித்தால் இருவருக்கும் அழிந்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'டிஃபால்ட்' என்ற வரியையும் ஒரு முறை பாருங்கள். அது அலுவலகத்தின் மற்ற அனைவருக்கும் பொருந்தும் வரி. அது 'நன்' என்றே இருக்க வேண்டும். அவசரத்தில் சிலர் பெயரைச் சேர்க்காமல் அந்த வரியையே மாற்றிவிடுகிறார்கள்; விளைவாக முழு அலுவலகத்துக்கும் கதவு திறந்துவிடுகிறது.

அழைப்பு மின்னஞ்சல் மூலம் பகிரும் வழியும் உண்டு. 'ஷேர் காண்டாக்ட்ஸ்' என்பதை அழுத்தினால் அவுட்லுக்கே ஓர் அழைப்பை உருவாக்கும். பெறுபவர் அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் கோப்புறை திறக்கும். முதன்மைத் தொடர்புகள் கோப்புறையை இந்த வழியில் பகிர்ந்தால் படிக்கும் உரிமை மட்டுமே போகும். அண்ணாச்சி செய்தது இதைத்தான்.

அப்படியானால் பெயர் ஏன் வரவில்லை?

பகிரப்பட்ட கோப்புறையைத் திறந்ததும் அது தொடர்புகள் பகுதியின் இடப்பக்கத்தில் 'ஷேர்டு காண்டாக்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் போய் உட்காரும். அங்கே போய்ப் பெயரைத் தேடலாம், எண்ணைப் பார்க்கலாம், அங்கிருந்தபடியே அவருக்கு மின்னஞ்சலும் எழுதலாம். ஆனால் பெறுநர் பொத்தானை அழுத்தும்போது திறக்கும் முகவரிப் புத்தகச் சாளரம், தனக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. எந்தெந்தக் கோப்புறைகளை முகவரிப் புத்தகமாகக் காட்ட வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ அவற்றை மட்டுமே அது காட்டும். ஒருவருடைய சொந்தக் கோப்புறைக்கு அந்தக் குறியிடுவது எளிது. கோப்புறையின் 'புராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'அவுட்லுக் அட்ரஸ் புக்' என்ற தாள் இருக்கும். அதில் இந்தக் கோப்புறையை மின்னஞ்சல் முகவரிப் புத்தகமாகக் காட்டு என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் வேலை முடிந்தது.

பிறருடைய கோப்புறையை அழைப்பின் வழியாகத் திறந்திருந்தால், அந்தக் கட்டம் மங்கிப்போய், அழுத்தினாலும் அசையாமல் இருக்கும். வண்ணார்பேட்டையில் நடந்தது அதுதான். அந்தப் பெண் அந்தக் கட்டத்தையும் கண்டுபிடித்திருந்தார். ஏழெட்டு முறை அழுத்தியும் பார்த்திருந்தார்.

இதற்கான வழி, அண்ணாச்சியின் அஞ்சல் பெட்டியையே தம் அவுட்லுக்கில் கூடுதல் பெட்டியாகச் சேர்த்துக்கொள்வது. 'ஃபைல்', 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் தம் கணக்கைத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச்', பிறகு 'மோர் செட்டிங்ஸ்', அதில் 'அட்வான்ஸ்டு' என்று போனால், கூடுதல் பெட்டிகளைச் சேர்க்கும் இடம் வரும். அங்கே சக ஊழியரின் பெயரைச் சேர்க்க வேண்டும். பெட்டியைச் சேர்ப்பதால் அவருடைய கடிதங்கள் எல்லாம் தெரிந்துவிடுமோ என்று அண்ணாச்சிமார் பதறுவதுண்டு. எந்தக் கோப்புறைக்கு உரிமை கொடுத்திருக்கிறார்களோ அது மட்டுமே திறக்கும். ஆனால் பெட்டியின் வாசலைத் தாண்டி உள்ளே வரவும் ஒரு சிறு உரிமை வேண்டும். அதற்காக உரிமையாளர், தம் பெட்டியின் பெயர் இருக்கும் மேல் வரியில் வலப் பொத்தானை அழுத்தி, 'ஃபோல்டர் பெர்மிஷன்ஸ்' சாளரத்தில் சக ஊழியருக்கு 'ஃபோல்டர் விசிபிள்' என்பதை மட்டும் டிக் செய்ய வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஏற விடுவது போன்ற உரிமை இது. அறைகளின் சாவி தனித்தனியேதான் இருக்கும்.

பெட்டி சேர்ந்த பிறகு, அதிலுள்ள தொடர்புகள் கோப்புறையின் 'அவுட்லுக் அட்ரஸ் புக்' தாளைத் திறந்து டிக் அடித்தால், முகவரிப் புத்தகச் சாளரத்தில் அந்தக் கோப்புறையின் பெயரும் வந்து நிற்கும்.

வந்த பிறகும் ஒரு சந்தேகம் எழும். எழுத்தை அடித்ததும் பெயர் இறங்கவில்லையே என்பார்கள். முன்பே சொன்னபடி, அப்படி இறங்குபவை பெரும்பாலும் நினைவுப் பட்டியலின் பெயர்கள். ஒரு முறைகூட அனுப்பாத முகவரியை அவுட்லுக் நினைவில் வைத்திருக்க வழியில்லை. பெயரின் ஒரு பகுதியை அடித்துவிட்டுக் கன்ட்ரோல் விசையுடன் 'கே' எழுத்தை அழுத்துங்கள். அப்போதுதான் அது முகவரிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கும். ஒரு முறை அனுப்பிவிட்டால் அடுத்த முறை தானாகவே வரும். எந்தப் புத்தகத்தை முதலில் புரட்ட வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம்: முகவரிப் புத்தகச் சாளரத்தின் 'டூல்ஸ்' பட்டியலில் 'ஆப்ஷன்ஸ்' என்பதில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். வெளியாருடனே அதிகம் கடிதப் போக்குவரத்து உள்ள கொள்முதல், விற்பனைப் பிரிவினர் தொடர்புகளை முதலில் வைப்பது நல்லது.

புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பொத்தான்கள் இவ்வளவே. என் அனுபவத்தில் உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒருவருடைய முகவரிப் புத்தகம் அவர் தமக்காக எழுதிக்கொண்டது. அதைப் பிறர் படிப்பார்கள் என்று அவர் ஒருபோதும் நினைத்திருக்க மாட்டார்.

அண்ணாச்சியின் பட்டியலை அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து பார்த்தேன். 'கொக்கிரகுளம் சார்' என்று ஒரு பதிவு இருந்தது. 'பேட்டை பெரியவர்' என்றும் 'பேட்டை சின்னவர்' என்றும் இரண்டு இருந்தன. 'அம்பை லாரி', 'அம்பை லாரி புதுசு', 'லாரி வேண்டாம்' என்று மூன்று இருந்தன. மூன்றாவதற்குள்ளும் ஒரு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. அந்தப் பெண் தேடிய லாரி செட்டின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அது பட்டியலில் எங்குமே இல்லை. கன்ட்ரோல் கே அழுத்தினாலும் கிடைத்திருக்காது. அவுட்லுக் எழுதியிருப்பதைத்தான் தேடும், அண்ணாச்சி மனதில் நினைத்ததைத் தேடாது.

இதோடு நம் பெயர்களின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. அவுட்லுக், முழுப் பெயரை முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும் மென்பொருள். தலைப்பெழுத்தை முன்னால் எழுதினால் அதை முதற்பெயராகவும், பின்னால் எழுதினால் கடைசிப்பெயராகவும் எடுத்துக்கொள்ளும். ஒரே ஆளை ஒருவர் 'இ. இசக்கிமுத்து' என்றும் இன்னொருவர் 'இசக்கிமுத்து இ.' என்றும் எழுதியிருந்தால், அகர வரிசையில் இரண்டும் வெவ்வேறு மூலையில் போய் நிற்கக்கூடும். 'ஃபைல் ஆஸ்' என்றொரு கட்டம் ஒவ்வொரு பதிவிலும் உண்டு. பட்டியலில் எந்தப் பெயரின் கீழ் அடுக்க வேண்டும் என்பதை அதில்தான் சொல்ல வேண்டும். அதை ஒரே முறையில் நிரப்பிவிட்டால் அடுக்கு வரிசைக் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும்.

இசக்கிமுத்து என்ற பெயரை வேண்டுமென்றேதான் சொன்னேன். திருநெல்வேலிச் சீமையில் எந்த முகவரிப் புத்தகத்தைத் திறந்தாலும் மூன்று நான்கு இசக்கிமுத்துகளும் அதே அளவுக்குச் சுடலைமுத்துகளும் இருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் அலுவலகத்துக்காக நானே ஒரு விலைப்பட்டியலை அனுப்பி வைத்தேன். அது போய்ச் சேர்ந்தது போட்டிக் கடைக்காரரான இசக்கிமுத்துவுக்கு. நினைவுப் பட்டியல் நீட்டிய முதல் பெயரைப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது என் தவறு. அன்றிலிருந்து, நான் அமைத்துக் கொடுக்கும் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்திலேயே ஊரையும் தொழிலையும் எழுதச் சொல்கிறேன்: 'இசக்கிமுத்து, வள்ளியூர், மோட்டார் காயில் கட்டுபவர்' என்பது போல. பார்க்க அழகாக இராது; ஆனால் கடிதம் சரியான வாசலுக்குப் போகும்.

இனி, எதைப் பகிரக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். அலுவலகக் கணக்கைக் கைபேசியிலும் சேர்த்திருப்பவர்களின் தொடர்புகளில் வீட்டுச் செய்திகளும் கலந்திருக்கும். சமையற்காரர், சம்பந்தி வீடு, மருத்துவர், வட்டிக்குக் கொடுத்தவர் என்று எல்லாமே ஒரே கோப்புறையில் கிடக்கும். பதிவின் மேல் 'பிரைவேட்' என்ற குறியிட்டால் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அவுட்லுக் அதை மறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதைப் பாதுகாப்பாக நம்ப வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, ஏனெனில் கோப்புறையைப் படிக்கும் உரிமை உள்ளவர் வேறு மென்பொருள் வழியாக அதைப் பார்த்துவிட முடியும். தனிப்பட்டது தனிக் கோப்புறையில் இருக்க வேண்டும். 'அலுவலகம்' என்ற பெயரில் புதிய தொடர்புகள் கோப்புறை ஒன்றை உருவாக்கி, தொழில் சம்பந்தப்பட்ட பதிவுகளை மட்டும் அதற்குள் நகர்த்தி, அதை மட்டும் பகிர்வதே முறையானது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் தகவலை விட்டுவிடுகிறது; நிறுவனம் தன் தொழிலுக்காக வைத்திருக்கும் தகவலை விடுவதில்லை. வாடிக்கையாளர்களின் எண்கள் அடங்கிய பட்டியலை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது அந்த வகையிலும் நல்லது.

சர்வரே இல்லாத அலுவலகத்தில்

இதுவரை சொன்னதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 உள்ள இடங்களுக்கு. நம் பக்கத்துச் சிறு அலுவலகங்களில் பல, இணையதளம் வாங்கும்போது கூடவே கிடைத்த மின்னஞ்சலை 'பாப்' அல்லது 'ஐமேப்' முறையில் வைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டு முறைகளும் கடிதங்களை மட்டுமே ஏற்றி இறக்கும், தொடர்புகளைச் சுமப்பதில்லை. அங்கே தொடர்புகள் அந்தந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும். எனவே உரிமை கொடுத்துப் பகிர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. குடத்தில் மொண்டு கொடுக்கத்தான் வேண்டும்.

அப்படிக் கொடுக்கும்போது பெரும்பாலும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பாக, எடுப்பார்கள். இதில் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு கண்டம் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் இருந்தாலும், அந்த எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் செலவாகின்றன. கோப்பை எக்செலில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால், அது அந்த மூன்று பைட்டுகளையும் மூன்று தனி எழுத்துகளாக எண்ணிக்கொண்டு, 'சுடலைமுத்து' இருந்த இடத்தில் கொம்பும் கொக்கியுமாகப் புரியாத குறிகளை நிரப்பிவிடும். அந்த நிலையிலேயே சேமித்துவிட்டால் பெயர் போனது போனதுதான். எக்செலில் 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் தமிழ் தமிழாகவே இருக்கும். மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு பேரின் முகவரி மட்டும் போதும் என்றால், ஒருவரின் விவரங்களை முகவரி அட்டை போல அடக்கிய 'விகார்டு' கோப்பு சுலபம். இப்போது நடப்பிலுள்ள அதன் 4.0 பதிப்பு 2011-இல் வரையறுக்கப்பட்டது. பழைய பதிப்புகளும் இன்னும் புழங்குகின்றன. கைபேசி, அவுட்லுக், தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருள் எல்லாமே அதைப் படிக்கும். தொடர்புகளைச் சர்வரில் வைத்துப் பலரும் பயன்படுத்துவதற்கான 'கார்ட்டாவ்' என்ற பொது நெறிமுறையும் அதே 2011-இல் வந்தது. தண்டர்பேர்டு அதை ஏற்கிறது. அவுட்லுக் தானாக ஏற்பதில்லை. கூகுள் கணக்கில் இயங்கும் அலுவலகங்களில், நிர்வாகி அனுமதித்திருந்தால், கூகுள் தொடர்புகளை அதே நிறுவனத்தின் இன்னொருவர் பார்வைக்கு ஒப்படைக்கும் வசதி இருக்கிறது.

ஆள் போனால் புத்தகமும் போகும்

பகிர்ந்த கோப்புறை உரிமையாளரின் பெட்டியில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அண்ணாச்சி ஓய்வுபெற்று அவர் கணக்கு நீக்கப்பட்டால், அவர் பகிர்ந்த தொடர்புகளும் எல்லாருடைய திரையிலிருந்தும் மறைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் 365-இல் பயனரை நீக்கிய பின் 30 நாட்கள் வரை மீட்க வழி உண்டு. அந்த நாட்களில் யாரும் லாரி செட்டைத் தேடாவிட்டால், 31-ஆம் நாள்தான் விஷயம் தெரியவரும்.

ஆகையால் பத்து நாள் விடுப்புக்கு ஒருவருடைய கோப்புறையைப் பகிர்வது சரி. நிரந்தர ஏற்பாட்டுக்கு அது ஏற்றதன்று. அதற்கு இரண்டு வழிகளைப் பரிந்துரைப்பேன். 'கொள்முதல்' என்பது போல் பதவியின் பெயரில் ஒரு பொது அஞ்சல் பெட்டியை உருவாக்கி, அதன் தொடர்புகள் கோப்புறையை அலுவலகத்தின் முகவரிப் புத்தகமாக வைத்துக்கொள்வது முதல் வழி. மைக்ரோசாஃப்ட் 365-இல் 50 ஜிபி வரை இத்தகைய பொதுப் பெட்டிக்குத் தனி உரிமக் கட்டணம் இல்லை. ஆட்கள் மாறினாலும் பெட்டி மாறாது. நான் பெரும்பாலும் இதையே அமைத்துக் கொடுக்கிறேன்.

அடிக்கடி தேவைப்படும் பத்து இருபது வெளி முகவரிகளை நிர்வாகியே பொது முகவரிப் பட்டியலில் 'மெயில் காண்டாக்ட்' ஆகச் சேர்ப்பது மற்றொரு வழி. எல்லாருக்கும் எந்த அமைப்பும் செய்யாமலே தெரியும் என்பது இதன் நன்மை. ஆனால் அவுட்லுக் அந்தப் பட்டியலின் ஒரு நகலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு முறையே புதுப்பிக்கிறது. காலையில் சேர்த்துவிட்டு மாலையில் வரவில்லையே என்று எனக்குத் தொலைபேசி செய்யாமல் இருந்தால் மகிழ்ச்சி.

உரிமையைத் திரும்பப் பெறுவது எளிது. அதே 'பெர்மிஷன்ஸ்' தாளில் பெயரை நீக்கினால் போதும். இதற்கிடையில் யாராவது பதிவுகளைத் தம் கோப்புறைக்கு இழுத்து நகலெடுத்திருந்தால் அவை அவரிடமே இருக்கும். அதை எந்தத் தாளாலும் திரும்ப வாங்க முடியாது.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி கல்யாணம் முடிந்து, வாழைத்தாரும் முறுக்கு டப்பாவுமாக வந்து சேர்ந்த வாரத்தில், 'கொள்முதல்' பெட்டியை அமைத்தோம். அவர் ஒவ்வொரு பதிவாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் உண்மையான பெயரையும் ஊரையும் அடித்துக்கொண்டே போனார். கொக்கிரகுளம் சாருக்குப் பெயர் கிடைத்தது. பேட்டைப் பெரியவர் இப்போது இல்லை என்றார்; நீக்கினோம். 'லாரி வேண்டாம்' என்பதைக் காரணத்தோடு குறிப்புக் கட்டத்தில் எழுதி, அப்படியே விட்டோம். கடைசியில் 'தண்ணி அண்ணன்' என்று ஒன்று மிஞ்சியது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு நிமிடம் யோசித்தார். "ஆரா இருக்கும்?" என்று எங்களையே கேட்டார். எண்ணை அழைத்துப் பார்த்தோம். உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது அவருடைய சொந்தக் கோப்புறையில் இருக்கிறது.